கரமனையில் ஒரு சிங்கப்பூர்

மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கறது பாருங்கோ... அப்படித்தானே இவன் சொன்னான், வேறென்ன சொன்னான், கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினதிலிருந்து அந்த ஒரு வரிதான் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, ஜன்னலோர சீட் கிடைத்தும் காற்று வரவில்லை, மடியில் டெமோ பெட்டி, பெட்டிக்குள் இன்டர்நெட் போன், அதன் மேல் கையெழுத்தான ஆர்டர் ஃபார்ம், மூன்று மாதத்தில் முதல் ஆர்டர், ராமசுப்ரமணியனின் சேல்ஸ் வேலை தப்பித்தது, சந்தோஷப்பட வேண்டாமோ, முன்சீட்டுக்காரி சும்மா திரும்பிப் பார்த்ததற்கு முகத்தை ஏன் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்? அவளுக்கு என்ன தெரியும். யாருக்கும் ஒன்றும் தெரியாது... மனைவி சீதாவைத் தவிர.

யோசனை யாருடையது? அவனுடையதுதான். திருவனந்தபுரத்தில் பிராட்பேண்ட் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, வெளிநாட்டுக்குப் பேசலாம் என்று விற்கிற போனை வெளிநாட்டுக்குப் பேசிக் காட்டாமல் எப்படி விற்பது, சிங்கப்பூரில் யாரைத் தெரியும், கம்பெனிக்கே அங்கே ஆள் கிடையாது, அதனால் கரமனையில் தன் வீட்டு போனை ஒரு இன்டர்நெட் பெட்டியில் சொருகி, டெமோ போனில் ஒன்றாம் பட்டனை அழுத்தினால் அங்கே மணி அடிக்கிற மாதிரி செய்து, திரையில் சிங்கப்பூர் என்று பெயரும் வரவழைத்தாயிற்று. டெமோ நாளில் மனைவி சீதாலக்ஷ்மி எடுத்து, ஹலோ, சிங்கப்பூர் ஆபீஸ், என்று சொல்ல வேண்டும், யார் கூப்பிட்டாலும், ஏனென்றால் சாதாரணக் காலுக்கும் இன்டர்நெட் காலுக்கும் ஒரே மணிதான், வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஒரே போன் என்று அதையும் ஒரு வசதியாகத்தான் விற்றுக்கொண்டிருந்தான். முதல் தடவை அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், குக்கரை அணைச்சுட்டுத்தான் சிங்கப்பூரைத் திறக்கணுமாக்கும், என்றாள்... அந்தச் சிரிப்பு எப்போது நின்றது? அவள் மார்பில் கட்டி தட்டுப்பட்டதற்கு முன்பா, பின்பா? கவனிக்கவில்லையே.

இன்றைக்கு பயாப்ஸி ரிப்போர்ட். பதினோரு மணிக்கு லேபில் தருவார்கள், சேர்ந்தே போகலாம் என்று நேற்று சாப்பிடும்போது அவன்தான் சொன்னான், அவள் கேட்கக்கூட இல்லை. காலையில் தாணுலிங்கத்தின் போன், சாலைக் கடைத்தெருவில் ஏலக்காய் ஏற்றுமதி செய்கிறவர், பதினொண்ணுக்கே வந்து காத்திரும் வே, பன்னெண்டரைக்கு ஒம்ம மிஷினைப் பாக்கேன், பொறவு நான் நாகர்கோலு போயிருவேன். சரி சார் என்றான். யோசிக்காமலே. சீதாவிடம், நீயே போய் வாங்கிண்டு வந்துடு, பன்னண்டரைக்குள்ள ஆத்துல இருக்கணும், மறந்துடாதே... மறந்துடாதே என்றது எதை? ரிப்போர்ட்டையா, போனையா? அவள் கேட்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த ஏ.சி. அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் தாணுலிங்கம், பக்கத்தில் அவருடைய செக்ரட்டரி பிந்து, ஸ்பீக்கரைப் போட்டுப் பட்டனை அழுத்தினான். ஹலோ, சிங்கப்பூர் ஆபீஸ். ஹவ் இஸ் த லைன் என்று இவன் கேட்க வேண்டும், வெரி க்ளியர் சார் என்று அவள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வசனம். சொன்னாள். வெரி க்ளியர் சார்... சார், த ரிப்போர்ட் ஹாஸ் கம். பிறகு பேச்சில்லை, மூச்சு மட்டும், இழுத்து, நடுவில் தடுக்கி, மறுபடி இழுத்து... பழைய போனாக இருந்தால் கேட்டிருக்காது. தாணுலிங்கம் தலையைச் சாய்த்து, லைன் போச்சா வே, என்றார். இல்லை சார், மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கறது பாருங்கோ, என்று சொன்னான், சொன்னதோடு விட்டானா, கை போய் வால்யூமை ஏற்றவில்லையா? ஏற்றியது. இரண்டு புள்ளி. இன்னொரு மட்டம் அடியும், பாப்பம், என்றார் அவர். கட் பண்ணி மறுபடி அடித்தான், முதல் மணியிலேயே எடுத்தாள், தனக்காகத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்திருக்கிறாள், வேறென்ன நினைப்பாள் பாவம், ஏன்னா, எப்போ வரேள், கவரைப் பிரிக்கவே பயமா இருக்கு... சாரி மேடம், ராங் நம்பர். வைத்துவிட்டான். யாருடைய நாக்கு அது? பிந்து பேனாவைக் கடித்தபடி, சிங்கப்பூரில் நல்ல தமிழாணல்லோ சாரே, என்று மலையாளத்தில் மெச்சினாள், தாணுலிங்கம் தொப்பை குலுங்க, இன்டர்நெட்டுலயும் ராங் நம்பர் உண்டாவே, என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார், தெரிந்துதான் போட்டாரோ என்னவோ, இவனும் சிரித்தான். கூடச் சேர்ந்து, நன்றாகவே சிரித்தான்.

கரமனை ஆள் எறங்ஙான் உண்டோ, என்று கண்டக்டர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் எழுந்தான். பாலத்தடியில் நின்றான். வீட்டுக்கு ஐந்து நிமிஷ நடை, ஆனால் இந்த முகத்தோடு எப்படிப் போய் நிற்பது, முதலில் குரல் போகட்டும், வந்துண்டே இருக்கேன், பிரிக்காதே, சேர்ந்து பிரிக்கலாம்னு சொல்லிவிட்டால்... மொபைலை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தினான். முதல் மணியில் எடுக்கவில்லை. நாலு, அஞ்சு, ஆறு... எடுத்தாள். ஹலோ, சிங்கப்பூர் ஆபீஸ். ஒரு தடுக்கல் இல்லை, துடைத்து வைத்த மாதிரி குரல். சீதா, நான்தான், என்றான். வெரி க்ளியர் சார், என்றாள். கேலியா? கோபமா? அப்படியென்றால் போய்க் காலில்கூட விழலாம், ஆனால் ஒருவேளை... இவன் பக்கத்தில் இன்னும் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நிஜமாகவே நினைத்து, அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டே, அவனைக் காப்பாற்றுகிறாளோ? ஒரு லாரி பாலத்தை அதிரவைத்துக்கொண்டு போயிற்று. மொபைலைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் மூச்சைத் தேடினான், ஒன்றும் கேட்கவில்லை.