முழுக்கைச் சட்டை

சாயிரா பானு சிஸ்டருக்குக் கோரிப்பாளையத்தில் 'ஒத்தக்குத்து பானு' என்று பெயர். எவ்வளவு ஒளிந்த நரம்பானாலும் முதல் குத்திலேயே பிடித்துவிடுவாராம். அதைத் தெருத்தெருவாகப் பரப்பியவர் சைக்கிள் கடை நல்லகாமன். சொன்ன வாய் முகூர்த்தமோ என்னவோ, கால் எலும்பில் சீழ் வைத்து அவரே பானுவின் வார்டில் வந்து படுத்தார். மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற வேண்டும்.

நர்ஸுகள் அறைச் சுவரில் டாக்டர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஒரு வாரத்துக்கு மேல் மருந்து ஓட வேண்டியவரா, இரண்டு குத்தில் நரம்பு கிடைக்காதவரா, என்னைக் கூப்பிடுங்கள்; முழங்கை மடிப்பு வழியாக மேல்கை வரை போகிற நீளக் குழாய் வைத்துவிடலாம் என்று. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டுவதே பானுதான். தனக்கும் சேர்த்து எழுதியது என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் பேருக்குப் பங்கமில்லை. நாலாம் நாள் இரண்டு குத்து. ஐந்தாம் நாள் வலது கையில் நாலு. அதோடு நல்லகாமன் முழுக்கைச் சட்டைக்கு மாறிவிட்டார். ஆறாம் நாள் காலை, சித்திரை வெயில், கரண்டும் இல்லை.

"ஏண்ணே, இம்புட்டு வேக்காட்டுல முழுக்கைச் சட்டையா?"

"குளிருது தங்கச்சி." நெற்றி வேர்வை தலையணையில் சொட்டியது.

"இடது கையில இடமில்ல. வலது கையக் காட்டுங்க."

"அது வேணாம். இதுலயே ஓரமாப் பாரு."

கால்மாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி பாண்டியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர்கிட்டயும் குளிருதுன்னு ஒரே சாதிப்பு. ஒம் பேரு கெட்டுப்போயிருமாம் சிஸ்டரு, அதுக்குத்தான் இந்த மூடாக்கு!"

பானு வலது கைப் பொத்தானைக் கழற்றினார். முன்கை பன் மாதிரி உப்பியிருந்தது. ஊசி ஏறிய இடத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு மேலே ஓடியது.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

"ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்ல? எங் கையக் காட்டியே என்னையப் பொய்யன்னு எவனும் சொல்லிரக் கூடாது."

இன்னும் ஒரே ஒரு குத்து, இடது கையிலேயே கிடைத்தாலும் கிடைக்கும் என்று பானுவின் விரல் பரபரத்தது. சுவர்த் தாளும் ஞாபகம் வந்தது. ஊசியைத் தட்டில் போட்டார்.

"எங்க போற?"

"டாக்டரக் கூப்பிட. அஞ்சு நாளைக்கு முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்."

டாக்டர் வந்து வீங்காத இடது கையின் மடிப்பில் நீளக் குழாயை ஏற்றினார். ஒரே குத்து. நல்லகாமன் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"தங்கச்சி, அந்தப் பேர இனி டாக்டருக்கு மாத்திரவா?"

"தாராளமா மாத்துங்கண்ணே. எப்பக் கூப்பிடணும்னு முடிவு பண்ணினது நானுன்னும் சேத்துச் சொல்லணும். லேட்டாத்தான் கூப்பிட்டேன்னும் சொல்லுங்க."

நல்லகாமனுக்கு அந்த வேலை மிச்சமாயிற்று. சாயங்காலம் தெருக் குழாயடியில் பாண்டியம்மாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். நாலு குத்து அங்கே பதினாலாகியிருந்தது.