நாகபூஷணத்தின் மேலுதட்டு நுரை

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் நாகபூஷணத்தின் மேலுதட்டில் ஒட்டிய பீர் நுரை பதினாலு மாதமாகியும் போகவில்லை. தறி சாமான் பார்க்க மியூனிக் போன இடத்தில் ஹெல்லெஸ் என்கிற வெளிர் பொன்னிற பீரோடு அவருக்குச் சிநேகமாயிற்று. ரொட்டி வாசனை, லேசான தித்திப்பு; கசப்பு கடைசி மிடறில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். உப்புத் தூவிய முள்ளங்கி, காரமில்லாத கோழி இவற்றோடு நிதானமாகக் குடியுங்கள் என்று சொல்லித்தான் அங்கே ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பினார்கள். இவர் அதைத் திருப்பதி லாட்ஜில் திறந்து, ஐஸ் போட்டு, குண்டூர் மிளகாய் வறுவலைக் கடித்துக்கொண்டே ஒரே மூச்சில் கவிழ்த்தார். நாக்கு எரியாவிட்டால் பீர் குடித்ததாகவே எடுத்துக்கொள்ளாத ஜில்லா நம்முடையது. ஹெல்லெஸ் கோபித்துக்கொண்டது.

அன்று முதல் காரம் கிட்டே வந்தால் நுரை பொங்கும், விலகினால் விரற்கடைக்கு இறங்கும். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் புத்தூருக்குப் போனார்கள். இதில் எலும்பே இல்லை, எங்கே கட்டுப்போட என்று வைத்தியர் நியாயமாகத் திருப்பி அனுப்பினார். மனைவி மனோரமா வீட்டில் மிளகாயை நிறுத்தினாள். நகரியில் காரமில்லாத அடுப்பு என்றால் யாரோ படுத்த படுக்கை என்று அர்த்தம். தெருவே ஆப்பிளோடு நலம் விசாரிக்க வந்தது. அவளோ பக்கத்து வீட்டில் ஊறுகாயை நக்கி, வாய் கழுவிவிட்டுத் திரும்புவாள். நாகபூஷணம் வேகவைத்த வேர்க்கடலையும் முள்ளங்கியும் மெல்லும்போது மட்டும், அன்று ருசிக்காமல் விழுங்கிய தித்திப்பு நாக்கோரம் வந்து நின்றது. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

மகள் ரோஹிணிக்குத் திருப்பதியில் சம்பந்தம் முடிவானதும் வீட்டில் தூக்கம் போயிற்று. எண்ணூறு பேருக்குக் காரச் சமையல். பக்கத்து வீட்டில் மிளகாய் போட்டுக் கோங்குராக் கீரை தாளித்த ஒரு நாளில் நுரை மூக்கடைத்து அவர் நீலம் பாரித்துக் கிடந்திருக்கிறார்.

"நா வரலம்மா. உங்க சித்தப்பன் தாரை வாத்துக் குடுக்கட்டும்."

"நீ வராட்டி நா மணையில குந்த மாட்டேன் நைனா."

மனோரமா சம்பந்தியம்மா சுலோச்சனாவைப் பார்க்கப் போனாள். சுலோச்சனா முப்பது வருஷம் துணிக்கடையில் பேரம் பேசியவள்.

"பந்தி பூரா சப்புனு போட்டா எங்க ஜனம் சிரிக்கும். சாம்பார்ல மட்டும் வெச்சிக்கலாமா?"

"மூக்கு வரிக்கும் வந்துரும்ங்க."

"ரசத்துல?"

"கண்ணு வரிக்கும்."

"எல ஓரத்துல, ஊறுகா ஒரே ஒரு துளி?"

மனோரமா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சுலோச்சனா பேரத்தை அங்கேயே விட்டாள்.

"அழாதம்மா. மொளகா இல்லாத கல்யாணம்னு பேசுவாங்க, பேசிக்கினு போவட்டும். பொண்ணோட நைனா உசுரோட இருந்தும் வராத கல்யாணம்னு பேசக்கூடாது."

கல்யாணப் பந்தியில் வெண்ணெய் வைத்த இட்லி, பருப்பும் நெய்யும், வேர்க்கடலை, உப்பு முள்ளங்கி. பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு சீக்கிரமே கை கழுவினார்கள். நாகபூஷணம்தான் தாரை வார்த்தார். நுரை விரற்கடையிலேயே நின்றது.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "சார், அதக் கொஞ்சம் தொடச்சிக்கிறீங்களா?"

"அது அப்டித்தான் இருக்கும்," என்றாள் ரோஹிணி. "எடுங்க."

எடுத்தார்.