இருநூற்றெண்பது

வாப்பா எண்பதில் தொடங்கினார்.

"ஒரு பாடத்துக்கு எண்பது. நாலு பாடத்துக்கும் அப்படி எடுத்தாக் கொழும்புக்குப் போ. இல்லாட்டி மசூரோட நிக்காஹ்."

பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. மட்டக்களப்பு விடுதியிலிருந்து லீவில் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தேன். மசூர் என் மாமி மகன். கல்யாணம் பேசிவைத்து இரண்டு வருடம். அவனுடைய வாப்பா, பள்ளிவாசல் மரைக்கார் ஸைனுலாப்தீன் மாமா, எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"எண்பது ஆரும் எடுக்கிறதில்ல வாப்பா," என்றேன்.

"அப்ப நீ ஒரு தொகை செல்லு."

வாப்பா கரைவலைக்காரர். கரையில் மீன் குவியலுக்கு விலை பேசுகிற மாதிரிதான் வீட்டிலும் பேசுவார். ஒருவர் மேலே தொடங்குவார், மற்றவர் கீழே தொடங்குவார், நடுவில் முடியும். அவருடைய மகள் நான், ஐம்பது என்று தொடங்கியிருக்க வேண்டும். அறுபதுக்கு மேல் எடுத்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும் என்று இரசாயன மிஸ் சொல்லியிருந்தார். அதையே சொல்லிவிட்டேன்.

"அறுபது."

மாமா சிரித்தார். "மச்சான், புள்ள மலிஞ்ச சூடை மீனுக்கு விலை கேக்குது."

"எழுவது," என்றார் வாப்பா. "நாலுக்கும் இருநூத்தி எண்பது. சரியா?"

"ஓம்."

வாப்பா மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கரையில் கை பிடித்தால் பேச்சு முடிந்தது. என் கையை யாரும் பிடிக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பி மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "இத்தனை எடுத்தால் இடம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே ஹப்ஸா. அந்த வருடம் எழுதியவர்களில் மேலே நிற்பவர்களை எடுப்பார்கள். வினாத்தாள் கஷ்டம் என்றால் எல்லாருக்கும்தான் குறையும்."

எனக்கும் அது விளங்கியது. வாப்பாவுக்கு எப்படி விளக்குவது? கை பிடித்தாயிற்று.

அந்த ஏழு மாதமும் நான் பாடம் படிக்கவில்லை, புள்ளி படித்தேன். மாதிரிப் பரீட்சையில் பௌதிகத்துக்கு அறுபத்திரண்டு வந்தால், குறைந்த அந்த எட்டை விலங்கியலில் எங்கே பிடிப்பது என்று பார்த்தேன். தவளையின் இதயத்தை வரையும்போதுகூட அந்தப் படத்துக்கு எத்தனை கொடுப்பார்கள் என்றுதான் யோசித்தேன். எனக்குத் தவளையின் இதயம் பிடிக்கும்.

பிரவேசப் பரீட்சையின் இரசாயனச் செய்முறையில் ஒரு வெள்ளை உப்பைத் தந்து எது என்று கேட்டார்கள். அமோனியா விட்டதும் வெண்மையாக வீழ்படிவு வந்தது. அலுமினியம் என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நினைவு வந்தது. அமோனியாவை இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்க்கவில்லை. கரைந்திருந்தால் அது அலுமினியம் இல்லை, துத்தநாகம் என்கிற நாகம். மற்ற எல்லாரும் நாகம் என்றார்கள்.

விடுதியில் உட்கார்ந்து, வரக்கூடிய புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் இருநூற்று எழுபத்தாறு.

வீட்டுக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்த அன்று வாப்பா கரையிலிருந்து இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். மாமாவும் பின்னாலேயே வந்துவிட்டார். ஆங்கிலக் கடிதம். விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன், இந்தத் தேதிக்குள் வந்து பதிய வேண்டும். அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை.

"எத்தின?" என்றார் வாப்பா.

"எடுபட்டிருக்கன் வாப்பா."

"அது சரி. எத்தின?"

கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். மேல் மூலையில் விரலை வைத்தார். அவருடைய முகம் மலர்ந்தது. "இஞ்ச இரிக்கே! முன்னூத்திப் பன்னிரண்டு! மச்சான், முன்னூத்திப் பன்னிரண்டு!"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"அது கடிதத்துட இலக்கம் வாப்பா," என்றேன்.

விரலை மெதுவாக எடுத்தார்.

"புள்ளி போடாம எப்படி எடுப்பாங்க?"

"போட்டிருப்பாங்க. எங்களுக்குச் செல்லமாட்டாங்க."

"எழுதிக் கேளு."

எழுதிக் கேட்டேன். பதின்மூன்று நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. பரீட்சார்த்திகளுக்குப் புள்ளிகள் அறிவிக்கப்படுவதில்லை. பதிவதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. என் பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது. அந்தப் பதிலைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. கிழிக்காமல் வாப்பாவிடம் கொடுத்தேன்.

அன்றும் வந்திருந்த மாமா, பதிலில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுந்தார். "இருநூத்தி எண்பதைக் காட்டினாத்தான் கொழும்பு. காட்டேலாது. அப்ப பந்தலப் போடுவமா மச்சான்?"

வாப்பா அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு என்னை அனுப்ப விருப்பமில்லை என்றும் சொல்ல முடியாது. கை பிடித்துச் சொன்ன தொகை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"காக்கா," என்று, அண்ணனை அழைப்பதுபோல மாமாவை அழைத்தது கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல். "ஒண்டு கேக்கன். கரையில குவியல ஏலத்தில எடுத்தவன், பொறகு மீன எண்ணி உங்களுக்குக் கணக்குச் செல்றானா?"

"அவன் ஏன் செல்ற? எடுத்தா எடுத்ததுதான்," என்றார் மாமா.

"கொழும்பில குவியலா எடுத்திட்டாங்க. ஏலம் முடிஞ்சி. இல்ல எண்டா, என்ட புள்ள இருநூத்தி எண்பது எடுக்கல்ல எண்டு ஒரு கடிதம் கொண்டாங்க. நாளைக்கே பந்தலப் போடுவம்."

மாமா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தலையைச் சொறிந்தார். "கரைப் பேச்சு அதுதான் மச்சான்."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். ஸலாம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வாப்பா என்னை மட்டக்களப்புப் புகையிரத நிலையத்துக்குக் கூட்டிப்போனார். மேடையில் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தார்.

"மாமா இல்ல இஞ்ச," என்றார். "உள்ளதச் செல்லு. எத்தின வந்திரிக்கும்?"

எரிச்சலாக இருந்தது. மூவாயிரம் பேர் எழுதியதில் என்னை எடுத்திருக்கிறார்கள். அது அவருக்குப் போதவில்லை.

"என்ட கணக்கில இருநூத்தி எழுவத்தாறு."

நாலு விரலை விரித்துப் பார்த்தார். பிறகு மடக்கினார்.

"நான் கேட்டிருக்கப்படா," என்றார்.

ரயில் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். பெட்டியைத் தூக்கி யன்னல் வழியாக உள்ளே தள்ளினார். அது என் முழங்காலில் இடித்தது.