செவ்வாய்க்கிழமை டோக்கன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் வானதி சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்னை நல்லவளாக் காட்டிராதீங்க" என்றாள். சிக்கலே அதுதான்.

ஐப்பசி மழையில் காவிரி இரு கரையும்... (வேண்டாம். ஆறு இந்தக் கதையில் ஒன்றும் செய்யவில்லை.)

2

வானதிக்கு டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு நெல் ஆலைக்கு, நெல் போட வருகிறவர்கள் போனிலேயே முறை பதிய, அவள் கம்பெனி டோக்கன் ஆப் செய்து கொடுத்தது. பதிந்த தேதிக்கு மட்டுமே டோக்கன் செல்லும். டேட்டாபேஸ் லண்டன் நேரத்தில் ஓடியது. அதை நம் நேரத்துக்கு மாற்றி செட்டிங்ஸ் ஃபைலில் எழுதினாள். நிறுத்தி மறுபடி ஓடவிட்டால்தான் அது எடுத்துக்கொள்ளும். அதை மறந்துபோனாள்.*

* கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் 'ஷோ' என்று ஒரு வரி தட்டியிருந்தால், இப்போது ஓடுவது எந்த நேரம் என்று காட்டியிருக்கும். எழுதி வைத்தது வேறு, ஓடுவது வேறு. எழுதுகிற எனக்கும் இது உறைக்கிறது.

3

அறுப்பு முடிந்ததும் சித்தப்பா துரைராசுவுக்கு அவளே போன் செய்தாள். "விடியறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருங்க சித்தப்பா. அப்புறம் கூட்டம் ஏறிரும்."

அவர் புதன்கிழமை கோழி கூவும் முன்பே பதிந்தார். லண்டனில் அப்போது செவ்வாய் இரவு. நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனால், ஆலைக் களத்தில் டோக்கன் சரிபார்க்கும் அமிர்தலிங்கம் அதைத் திருப்பிக் கொடுத்தார். "இது நேத்து டோக்கனுங்க. இன்னைக்குப் பதிவு முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க."

பொழுது விடிந்து சாவகாசமாகப் பதிந்தவர்கள் எல்லாம் போட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, நாலு நாள் விடவில்லை. தார்ப்பாய் பத்தவில்லை. நெல் குவியலிலேயே முளைவிட்டது.

4

அதன் பிறகுதான் வானதி 'ஷோ' தட்டிப் பார்த்தாள். லண்டன். நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். பதிந்த தேதியைக்கூடத் திருத்தலாம், முளைத்த நெல்லை என்ன செய்வது?

சித்தப்பா போனில் சொன்னார்: "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலருக்கும்மா. உங்க சித்திகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். இனிமே இந்தப் போனையே தொடமாட்டேன்."

முதல் முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள், அவர் சிரித்துவிடுகிறார். [அடித்துவிட்டேன். அந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தவர் சிரிக்கமாட்டார்.]

இரண்டாவது: "பரவால்ல சித்தப்பா" என்று போனை வைக்கிறாள். [இதை அடிக்கவில்லை. நடந்தது இதுதான்.]

நேற்றுக் கேட்டேன், "இன்னும் சொல்லலையா?"

"நீங்க கதையை முடிங்க. படிச்சிட்டுச் சொல்றேன்."

கார்த்திகை பிறந்துவிட்டது. எனக்கு முடிக்க வரவில்லை, வருத்தமாக இருக்கிறது. துரைராசு இன்னும் போனைத் தொடவில்லை. அவள் சொல்லவேண்டியதில் முதல் வரியை மட்டும் எழுதித் தருகிறேன். மிச்சம் அவள் பாடு.

"சித்தப்பா, நீங்க எதையும் தப்பா அமுக்கல,