அடக்கமானவள்

"மூத்தவளைப் புதைச்ச மண்ணுல ஈரம்கூடக் காயலை, அதுக்குள்ள இளையவளைக் கேட்டு வந்துட்டாங்களேன்னு நினைக்காதீங்க" என்றாள் சம்பந்தியம்மா. "என்னால அடுப்புகிட்ட நிக்க முடியலை, பொண்டாட்டி இல்லாத ஆம்பளை எத்தனை நாளைக்குத்தான் கடைச் சோறு திம்பான்?"

மூட்டை தூக்கிப் பிழைக்கும் அப்பா தோளில் இருந்த காய்ப்பைத் தடவினார். பெண்ணைக் கொடுத்த இடம். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகை நட்டு ஒண்ணும் வேண்டாம். மூத்தவ மாதிரி அடக்கமா இருந்தா போதும்" என்றாள் சம்பந்தியம்மா.

உள்ளே தையல் மெஷின் நின்றது. இளையவள் கதவருகே வந்தாள்.

கல்யாணத்துக்கு முன் அக்கா சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். 'வெண்கலக் கடையில யானை புகுந்துருச்சு' என்பார் அப்பா. அந்த வீட்டுக்குப் போன பிறகு ஃபோனில்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலப் பேசுவாள். அவள் செத்த பிறகும், மெஷின் ஓய்கிறபோதெல்லாம், சுவருக்கு அந்தப்புறம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவது இளையவளுக்குக் கேட்கும். அப்பாவுக்கும் கேட்கும். ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை.

"அக்கா எப்படி அடக்கமா இருந்தா, அத்தை?"

"தங்கம்டி அவ. மழைக்காலம் பூரா நெஞ்சுல சளி, இருமல். என் தூக்கம் கெட்டுருமேன்னு தலகாணியை வாயில வச்சு அமுக்கிக்குவா. பக்கத்து அறையில படுத்திருக்கேன், எனக்கே கேக்காது. துவைக்கப் போட்ட உறையில ரத்தத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. அப்பக்கூட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு வாய்விட்டு ஒரு வார்த்தை கேக்கலை. இந்தக் காலத்துல யாரு இருப்பா அப்படி?"

புகழ்ந்துதான் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்கூடக் கலங்கியது.

"அப்ப நாங்க வந்து மண்ணு போட்டது ரெண்டாவது அடக்கமா, அத்தை?" என்றாள் இளையவள். குரல் உயரவில்லை.

மாப்பிள்ளை நிமிரவில்லை. சம்பந்தியம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? பொண்ணா இது, அடங்காப்பிடாரி. பெத்தவரு நீங்களாவது அடக்கி வைக்க வேண்டாமா?"

அப்பா எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்தார்.

"அந்தப் பேரு இவளுக்கு இருக்கட்டும், சம்பந்தியம்மா. பாத்து எறங்குங்க, ஒரு படி உடைஞ்சிருக்கு."