ரின்மீன் நிறங்கள்

றோஸ்மேரிக்கு அந்த மூன்று நிறங்களையும் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. செம்மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை. முல்லைத்தீவுக் கரையில் கிடந்த அத்தனை படகுகளுக்கும் ஒரே பூச்சு. பூசியது ஒரு ரின்மீன் கொம்பனி. கடலில் மீன் பிடிக்கிறவனின் படகில் தகரத்துக்குள் அடைத்த மீனுக்கு விளம்பரம்! வெட்கம் கெட்ட வேலை.

நிறங்களைத் தெரிந்தெடுத்த சுமித்திரா கொழும்பிலிருந்து வந்தவள். "மூணே மூணு கலர்தான் அக்கா. பார்த்ததும் கண்ணுல அறையணும்" என்று படம் காட்டி விளக்கினாள். ரின்னிலும் அதே நிறம், விற்கிற பெண்களின் சட்டையிலும் அதே நிறம், இப்போது படகிலும். பெயின்ற் இலவசம் என்றதும் ஆண்கள் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினார்கள். றோஸ்மேரியின் புருசன் அந்தோனிமுத்துவும் ஆட்டினான்.

"சும்மா வாறதை ஏன் விடோணும்?" என்றான்.

அவனுடைய படகு முன்பு மாதாவின் முக்காட்டு நீலம். விளிம்பில் வெள்ளைக்கோடு இழுத்தவள் றோஸ்மேரி. பக்கத்து வீட்டுத் துசியந்தனுடையது மஞ்சள். கரையில் நிற்கும் பெண்களுக்கு அதுதான் அடையாளம். தூரத்தில் ஒரு பொட்டு நீலம் தெரிந்தால் போதும், றோஸ்மேரி வீட்டுக்குப் போய் உலை வைத்துவிடுவாள். ஆண்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அவர்கள் ஒருநாளும் கரையில் நின்று காத்திருந்ததில்லை.

அன்று விடியப்புறம் படகுகள் போன பிறகு வாடைக்காற்று திடீரென்று எழும்பியது. மத்தியானத்துக்குள் மற்றவர்கள் அடித்துப்பிடித்து வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தோனிமுத்துவும் துசியந்தனும் மட்டும் வரவில்லை. இருவருடைய போனும் வேலை செய்யவில்லை. றோஸ்மேரியும் துசியந்தனின் மனைவி கலிஸ்ராவும் கையைக் கோர்த்துக்கொண்டு கரையில் நின்றார்கள். விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்திருந்த சுமித்திரா கமராவோடு மீன்வாடிக் கொட்டிலோரம் ஒதுங்கி நின்றாள்.

அலைக்கு மேலே செம்மஞ்சள் தெரிந்தது. பிறகு ஊதா. ஒரே ஒரு படகு.

யாருடையது என்று எதை வைத்துச் சொல்வது? ஆனாலும் றோஸ்மேரி, "எங்கட போட்! அவர் வாறார்!" என்று கத்தியபடி கலிஸ்ராவின் கையை உதறிவிட்டு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

படகிலிருந்து எட்டிப் பார்த்தவன் துசியந்தன்.

"நீயோ?" என்றாள் றோஸ்மேரி.

உயிர் தப்பி வந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? இவனுக்குப் பதில் அவர் வந்திருக்கக் கூடாதா என்ற நினைப்பு அந்த ஒரு சொல்லில் அப்பட்டமாக இருந்தது. பின்னால் ஓடிவந்த கலிஸ்ராவின் காதிலும் விழுந்தது. அவள் புருசனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். றோஸ்மேரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. றோஸ்மேரிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உப்புத் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தாள்.

பொழுது சாயும் நேரம் இன்னொரு படகு தெரிந்தது. அதே செம்மஞ்சள், அதே ஊதா, அதே கிளிப்பச்சை. பக்கத்துக் கரைக்காரரும் இந்தப் பூச்சைத்தான் பூசியிருந்தார்கள். நம்பி ஓட அவளுக்குத் துணிவு வரவில்லை. முகம் தெரியும்வரை கரையிலேயே நின்றாள்.

அந்தோனிமுத்துதான். உதடு வெடித்து, கண் சிவந்து, ஆனால் உயிரோடு.

அவள் ஓடக் காலெடுத்தாள். அதற்குள் சுமித்திரா கமராவோடு பக்கத்தில் வந்துவிட்டாள்.

"அக்கா, முதல்ல ஓடினீங்களே, அந்த முகம் நல்லா வந்திருக்கு. ஆனா போட் படத்துல சரியா விழல்ல. இப்ப இன்னொரு தடவ அப்படியே ஓடுங்களேன். மூணு கலரும் தெரியணும்."

றோஸ்மேரி மணலில் காறித் துப்பினாள். எடுத்த கால் அப்படியே நின்றது. இனி ஓடினால் அது ரின்மீனுக்கு ஓடியதாகிவிடும்.

அந்தோனிமுத்து தள்ளாடித் தள்ளாடித் தானே கரையேறி வந்தான்.

"என்னப்பா, செத்துப் பிழைச்சு வாறன். ஓடி வருவாய் எண்டு பாத்தால் மரம்மாதிரி நிக்கிறாய்" என்றான்.