கூட்டுக்குள் தங்கம்

யுகேந்திரனைக் கண்டாலே எனக்கு ஆகாது. தம்போய் ஊரில் நாங்கள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு எனக்கு நேர் எதிர் மேசை. அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணுக்குத் தெரியாத கூடுகளைச் செய்தேன். கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் தங்கத் துகள்கள். அமிலம் பட்டால்தான் கூடு திறந்து துகள் வெளியே வர வேண்டும். அதுவரை ஒன்றுகூடக் கசியக் கூடாது.

பாடுபட்டது நான். போகிற இடமெல்லாம் "என்னோட மெத்தட்" என்று சொல்லித் திரிந்தது அவன். எங்கள் தலைவி டாக்டர் தேன்மொழியும் நம்பிவிட்டார். சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் முன்னால் செய்து காட்டுகிறவருக்கே அடுத்த கட்டப் பொறுப்பு என்றார். காட்டப்போவது யுகேந்திரன் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு வயிறெரிந்தது.

செய்து காட்டும் நாளன்று காலை ஃப்ரிட்ஜில் என் குப்பிகளில் ஒன்றைக் காணோம். யுகேந்திரன் அதை உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொண்டிருந்தான்.

"ஃப்ரீஸர்லயா வெச்சே?"

"ஸேஃபா இருக்கட்டும்னுதான் லா, கிளாரிசா. ஃப்ரிட்ஜ்ல கெட்டுப் போயிடும்."

முன்பு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். அங்கே எதையும் உறைய வைத்துத்தான் பழக்கம். இந்தக் கூடுகள் உறைந்தாலோ ஐஸ் குத்தித் தோல் கிழிந்துவிடும்.

"கூடெல்லாம் உடைஞ்சிருக்கும். இதைக் காட்டாதே. இன்னொன்னு இருக்கு, நான் செஞ்சு காட்டுறேன்."

"பொறாமை லா உனக்கு," என்று சிரித்தபடி போனான். போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

விருந்தினர் முன்னால் குப்பியை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினான். கூடுகள் முழுசாக இருந்தால் தங்கத்தோடு அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும். தெளியவில்லை. அவ்வளவு சிறிய தங்கத்துக்கு நிறம் சிவப்பு. தண்ணீர் சிராப் சர்பத் கலந்த மாதிரி சிவந்தே நின்றது. எல்லாம் கசிந்திருந்தது.

டாக்டர் தேன்மொழி அவனை முறைத்தார். அவன் கொஞ்சமும் கூசவில்லை.

"இது கிளாரிசா செஞ்சது, டாக்டர். ஆரம்பத்திலேருந்து எல்லாமே அவங்கதான். நான் காட்ட மட்டும்தான் வந்தேன்."

திடீரென்று 'அவங்க'வாம்! என் முகம் கொதித்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா டாக்டர்," என்று எழுந்தேன். "எல்லாமே நான் செஞ்சதுதான். ஃப்ரீஸர்ல வெச்சுக் கெடுத்தது மட்டும் அவரு."

மீதமிருந்த குப்பியை எடுத்துவந்து சுழற்றினேன். அடியில் சிவப்பாக ஒரு பொட்டு, மேலே தெளிந்த தண்ணீர். ஒரு சொட்டு அமிலம் விட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி சுழற்றினேன். இப்போது தண்ணீர் முழுக்கச் சிவப்பு. விருந்தினரில் ஒருவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

யுகேந்திரன் அவசரமாக எழுந்தான். "டாக்டர், உண்மையில இந்த மெத்தட்..."

"எல்லாமே அவங்கதான்னு இப்பத்தானே சொன்னீங்க? உக்காருங்க."

உட்கார்ந்தான். எனக்கு அவன்மேல் துளி இரக்கம் வரவில்லை. வரவும் வேண்டாம்.